அவள் கேட்டது லைப்ரரி அல்ல

பொய் சொன்னதற்காகப் பிள்ளைகளை வகுப்புக்கு வெளியே முட்டிபோட வைத்த டீச்சர் நான். ஒருத்தி, இரண்டு பேர் அல்ல. என் சர்வீசில் அப்படி முட்டிபோட்டவர்களைக் கூட்டினால் ஒரு பஸ் நிரம்பும். அதனால் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி எழுத உட்கார்ந்ததும் எனக்கே முதலில் சிரிப்புத்தான் வந்தது. நாலு வரி எழுதுவதற்குள் அந்தச் சிரிப்பு போய்விட்டது.

தாம்பரத்தில் பெண்கள் படிக்கும் உதவிபெறும் பள்ளி ஒன்றில் வேலை எனக்கு. தமிழ் மீடியம். நான் இங்கிலீஷ் டீச்சர். போதாததற்கு டிசிப்ளின் பொறுப்பும் என் தலையில். எங்கள் பள்ளியை நடத்தும் கிறிஸ்தவ சபைக்கும் ஜெர்மனியில் ஒரு சின்ன ஊரில் இருக்கும் சபைக்கும் ரொம்ப காலத்துப் பழக்கம். அந்தப் பழக்கத்தில் அந்த ஊர்ப் பள்ளியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. நான்கு மாணவிகளும் ஒரு டீச்சரும் வந்து பன்னிரண்டு நாள் தங்கிப் பார்க்கலாம். செலவெல்லாம் அவர்கள் பொறுப்பு. பிறகு அங்கிருந்து நான்கு பேர் இங்கே வருவார்கள்.

மூன்று பிள்ளைகளை எச்.எம். முதல் நாளே முடிவு செய்துவிட்டார். மூன்றும் நல்ல மார்க், நல்ல இங்கிலீஷ், கேட்டால் மட்டும் பேசும் ரகம். நாலாவதாக நான் சொன்னது ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளையை. இரும்புலியூரிலிருந்து வருவாள். அப்பா கிடையாது. அம்மாவுக்குப் பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் ஷூவுக்கு மேல்தோல் தைக்கிற வேலை. பிள்ளைக்கு இங்கிலீஷ் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஆனால் வாய் இருக்கிறதே, அப்பப்பா! வகுப்பில் ஃபேன் ஓடவில்லை என்றால் மற்றவர்கள் நோட்டால் விசிறிக்கொண்டு சும்மா இருப்பார்கள். இவள் எழுந்து நின்று, "மிஸ், உங்க தலைக்கு மேல மட்டும் சுத்துது, எங்க ஃபேன் இன்னா பாவம் பண்ணுச்சு மிஸ்?" என்பாள். எனக்குக் கோபம் வரும். உதட்டைக் கடித்துச் சிரிப்பையும் அடக்குவேன்.

"அந்த வாயாடியா?" என்றார் எச்.எம்.

"மூணு பேர் அங்க போய் பொம்மை மாதிரி உட்காரப் போறாங்க மேடம். ஒருத்தியாவது வாயத் திறக்கட்டுமே."

"திறப்பா. திறந்து என்ன சொல்லுவான்னுதான் பயமா இருக்கு. ஸ்கூல் பேர் கெடாம பார்த்துக்கங்க. அவ உங்க ரெஸ்பான்சிபிலிட்டி."

சரி என்று வீராப்பாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். வாய்க்காகவே அவளைத் தேர்ந்தெடுத்தவள் நான் என்பதை இங்கேயே சொல்லி வைக்கிறேன்.

எங்கள் பள்ளியின் பாத்ரூம் கதையையும் சொல்லியாக வேண்டும். நாற்றம் பிடித்த கதைதான், வேறு வழியில்லை. பிள்ளைகளுக்கு இரண்டு வரிசை. பழையது மைதானத்து ஓரம். கதவுகளில் பாதிக்குத் தாழ்ப்பாள் கிடையாது, குழாயைத் திருப்பினால் காற்று வரும், மழை பெய்தால் செங்கல் மேல் கால் வைத்துத்தான் உள்ளே போக வேண்டும். புதியது, படித்துவிட்டுப் போன மாணவிகள் சேர்ந்து கட்டிக் கொடுத்தது. வெள்ளை டைல்ஸ், ஒவ்வொன்றிலும் குழாய், வாளி, கண்ணாடி. திறப்பு விழா முடிந்த மறுநாளே அதற்குப் பூட்டுப் போட்டோம்.

யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நம் வீடுகளில் நல்ல பெட்ஷீட்டையும் நல்ல தட்டுகளையும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, விருந்தாளி வந்தால் மட்டும் எடுக்கிறோம் இல்லையா, அதே புத்திதான். பிள்ளைகள் கையில் விட்டால் ஒரே வாரத்தில் நாறடித்துவிடுவார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் அத்தனை பேரும் சொன்னோம். இன்ஸ்பெக்ஷன் என்றால் திறப்போம், ஆண்டு விழா என்றால் திறப்போம். மற்ற நாட்களில் டீச்சர்கள் மட்டும் போவோம். சாவி என் மேஜை டிராயரில் இருந்தது. அவசரம் என்று கேட்டு வருகிற பிள்ளையை ஒரு பார்வை பார்ப்பேன். அந்தப் பார்வைக்கே பாதிப் பேர் திரும்பிப் போய்விடுவார்கள். அதை நான் டிசிப்ளின் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிளம்புவதற்கு முன் ஒரு மாதம் ரிகர்சல். எப்படிக் கை குலுக்குவது, என்ன கேட்டால் என்ன சொல்வது, எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்தேன். மற்ற மூன்று பேருக்கும் வீட்டில் புது ஸ்வெட்டர் வாங்கிக் கொடுத்தார்கள். இவள் அம்மா பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஒரு பழைய ஜெர்கின் வாங்கி, கிழிந்த ஓரத்தைக் கம்பெனி மிஷினிலேயே தைத்துக் கொண்டுவந்திருந்தாள். தையல் அத்தனை நேர்த்தி. ஏர்போர்ட் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மிஸ், இதுக்கு வாய் கொஞ்சம் நீளம். எதுனா பேசிட்டா மனசுல வெச்சிக்காதீங்க. உங்கள நம்பித்தான் அனுப்புறேன்."

அந்தப் பள்ளியில் முதல் நாள், பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு பையன் எழுந்தான். கதவோரம் தொங்கிய மர அட்டையைத் திருப்பி மாட்டிவிட்டு வெளியே போனான். டீச்சர் எழுதுவதை நிறுத்தக்கூட இல்லை. அவன் திரும்பி வந்ததும் அட்டையைப் பழையபடி திருப்பினான். பாத்ரூம் போகிறவர்களுக்கான அட்டையாம். கேட்கவும் வேண்டாம், நிற்கவும் வேண்டாம். நம்ம பிள்ளை அதை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பத்து நிமிஷம் கழித்து அவளும் எழுந்து போய் அட்டையைத் திருப்பினாள். அன்று நான்கு தடவை போனாள்.

எனக்கு மானம் போயிற்று. மத்தியானம் தனியாகக் கூப்பிட்டுக் காதோடு திட்டினேன். "என்னடி இது, வந்த இடத்துல சும்மா சும்மா எழுந்து போயிட்டு? வயிறு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீது மிஸ். சும்மாதான் போனேன்."

"சும்மாவா?"

"தொறந்தே கீது மிஸ்" என்றாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. அங்கே எல்லாப் பிள்ளைகளின் மேஜையிலும் தண்ணீர் பாட்டில் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் குடிப்பார்கள். இவளும் ஒன்று நிரப்பி வைத்துக்கொண்டு, மடக்கு மடக்கென்று குடித்துக்கொண்டே இருந்தாள். எங்கள் பள்ளியில் இவள் பாட்டில் காலையில் வந்தபடியே சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிப் போகும். எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன். பார்த்து என்ன பிரயோஜனம்?

வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அங்கே ஒரு வழக்கம். நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருவார்கள். கம்பளி நூலில் பின்னிய ஒரு பந்தைக் கை மாற்றிக் கொடுப்பார்கள். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் பேசலாம், மற்றவர்கள் குறுக்கே பேசக் கூடாது. வகுப்பில் சண்டை, குறை, டீச்சர் மேல் வருத்தம், எதுவானாலும் அங்கே சொல்லலாம். அந்த வகுப்பு டீச்சருக்கு என் வயசுதான் இருக்கும். குட்டை முடி, சைக்கிளில் வருவார். அவரும் ஒரு நாற்காலியில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் பிள்ளைகளிடம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். உங்கள் பள்ளியில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்?

மூன்று பேர் ரிகர்சலில் இருந்ததைச் சொன்னார்கள். ஒருத்திக்கு மரங்கள், ஒருத்திக்குக் கம்ப்யூட்டர், ஒருத்திக்கு பாஸ்கெட்பால் கோர்ட். பந்து இவளிடம் வந்தது. இங்கிலீஷில் ஆரம்பித்தாள், இரண்டு வார்த்தையில் நின்றுவிட்டாள். உன் மொழியிலேயே சொல்லு, உன் டீச்சர் எங்களுக்குச் சொல்வார் என்றார் அந்த டீச்சர். இவள் என்னைப் பார்த்தாள்.

"சொல்லட்டா மிஸ்?"

"தாராளமா சொல்லு."

சொன்னாள். பந்தை மடியில் வைத்துக்கொண்டு, நிதானமாக, ஃபேன் பற்றிப் பேசுகிற அதே குரலில். "எங்க ஸ்கூல்ல டைல்ஸ் போட்ட பாத்ரூம் ஒண்ணு கீது. அது பூட்டியே இருக்கும். சாவி மிஸ்ங்க கிட்ட இருக்கும். பழைய பாத்ரூம்ல தாப்பா இல்ல, தண்ணியும் வராது. அதனால நாங்க ஸ்கூலுக்கு வந்தா தண்ணியே குடிக்க மாட்டோம். காலைல வூட்ல போறதுதான், அப்புறம் சாயங்காலம் வூட்டுக்குப் போயிதான். அடி வயிறு வலிக்கும். அந்தப் பூட்டை மட்டும் எடுத்துட்டா போதும். இங்க மாதிரி இருக்கணும்."

மிஸ்ங்க கிட்ட என்றாள். உங்க கிட்ட என்று சொல்லவில்லை. அந்த இடத்திலும் எனக்கு மரியாதை கொடுத்தாள்.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் சொன்னதை அப்படியே சொல்ல எனக்கு இங்கிலீஷ் இல்லையா என்ன? எல்லா வார்த்தையும் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். எங்கள் பள்ளியில் பெரிய லைப்ரரி ஒன்று வேண்டும் என்கிறாள் என்று சொன்னேன். அதோடு நிறுத்தினேனா, இல்லை. இவளுக்குப் படிப்பதென்றால் உயிர், ஆனால் படிக்கப் புத்தகம் போதவில்லை என்று ஜோடனை வேறு. அப்படி வந்தது எனக்கு, தங்குதடையில்லாமல்.

எல்லாரும் கை தட்டினார்கள். அந்த டீச்சரின் கண் கலங்கிவிட்டது. லைப்ரரி என்ற வார்த்தை எங்கள் பிள்ளைக்குத் தெரியும். ஸ்பெல்லிங் தப்பாக எழுதியதற்காக நானே பத்துத் தடவை இம்போசிஷன் கொடுத்திருக்கிறேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பந்தைப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

சாயங்காலம் தங்கியிருந்த இடத்துக்கு நடந்து போகும்போது மற்றவர்களை முன்னே விட்டு அவளோடு நடந்தேன். "அதெல்லாம் நம்ம வீட்டு விஷயம்மா. வெளியூர்ல வந்து சொல்லக் கூடாது. நமக்குத்தான் அசிங்கம். ஊருக்குப் போனதும் எச்.எம். கிட்ட பேசி நானே சரி பண்றேன், சரியா?"

"சரி மிஸ்" என்றாள்.

ஊருக்கு வந்ததும் எச்.எம். அறைக்குப் போனது உண்மை. லைப்ரரி கதையைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பிரமாதம் மிஸ், நானா இருந்தா உளறியிருப்பேன்" என்றார். பாராட்டு வாங்கிய கையோடு பூட்டைப் பற்றியும் பேச்செடுத்தேன். "இப்ப வேணாம், கிறிஸ்மஸ் முடியட்டும்" என்றார். நானும் விட்டுவிட்டேன். அவர் மேல் பழி போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சாவி என் டிராயரில்தான் கிடந்தது. மறுநாள் காலை நான் திறந்து விட்டிருந்தால் என்னை யார் தூக்கிலா போட்டிருப்பார்கள்? டைல்ஸ் நாறினால் என்னைச் சொல்வார்களே என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

மூன்றாவது மாதம் ஜெர்மனியிலிருந்து பெட்டிகள் வந்தன. அந்த வகுப்புப் பிள்ளைகள் வீடு வீடாகப் போய் இங்கிலீஷ் புத்தகங்கள் சேகரித்து அனுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு புத்தகத்திலும் உள் அட்டையில் எங்கள் பிள்ளையின் பெயரை எழுதி, உன் ஆசைக்காக என்று ஒரு வரி. ஐயோ, அதைப் பிரித்துப் பார்த்தபோது பேசாமல் எங்காவது ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை, அலமாரி அடுக்கினேன்.

விழா வைத்தார் எச்.எம். நன்றி சொல்ல அந்தப் பிள்ளைதான் பேச வேண்டும் என்றார். இங்கிலீஷில் பேச்சை எழுதிக் கொடுத்தது நான். என் ஆசையைக் கேட்டு நிறைவேற்றியதற்கு நன்றி என்று நானே, இந்தக் கையாலேயே எழுதினேன். அவள் மேடையில் ஏறி ஒரு பிசிறு இல்லாமல் படித்தாள். வீடியோ எடுத்து அனுப்பினோம். கீழே இறங்கி வந்தவளிடம் நன்றாகப் பேசினாய் என்றேன். "தேங்க்யூ மிஸ்" என்றாள்.

அதற்குப் பிறகு வகுப்பில் அவள் குரலே இல்லை. ஃபேன் நின்றாலும் பேசுவதில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று பதில் சொல்வாள், உட்காருவாள். மற்ற டீச்சர்கள், ஃபாரின் போய் வந்ததும் பிள்ளை எவ்வளவு அடக்கமாக மாறிவிட்டாள் என்று என்னைப் புகழ்ந்தார்கள். எனக்குத் தெரியும், என் மேல் கோபம். இருக்கட்டும், ஆறட்டும் என்று நாளைக் கடத்தினேன்.

பெரிய பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் ஒரு வாரம் வரவில்லை. அவள் அம்மா வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள். "ஒரே ஜுரம் மிஸ். ஒண்ணுக்குப் போனா அழுவுது. நீர்ல இன்ஃபெக்ஷன்னு சொல்றாங்க. டாக்டர் நல்லா தண்ணி குடிக்கச் சொன்னாரு. இது வாய்லயே வைக்க மாட்டேங்குது, பழக்கமே இல்லன்னுது. ஒரே பேஜாரா கீது மிஸ். ஃபாரின் எல்லாம் கூட்டிகினு போனீங்க, நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேக்கும்."

அந்த அம்மா என்னைக் கும்பிட்டுக்கொண்டு நின்றாள். நான் வந்து சொல்கிறேன் என்று அனுப்பி வைத்தேன்.

பூட்டு இப்போது இல்லை. அவள் வீட்டுக்குப் போய் வந்த பிறகு எடுத்தது நான்தான். நாங்கள் பயந்த மாதிரி ஒரே வாரத்தில் ஒன்றும் நாறிவிடவில்லை. இரண்டு வாளி உடைந்தது, ஒரு கண்ணாடியில் யாரோ பேனாவால் பூ வரைந்திருக்கிறார்கள். எச்.எம். இன்னும் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இதையெல்லாம் பெருமையாகச் சொல்லவில்லை. ஒரு பிள்ளை நோயில் விழுந்த பிறகு செய்ததில் பெருமை என்ன வேண்டிக் கிடக்கிறது? அந்த ஜெர்மன் டீச்சருக்கு உண்மையை எழுத நாலைந்து தடவை உட்கார்ந்தேன். எழுதவில்லை. வருகிற ஜனவரியில் அவர் இங்கே வருகிறார்; லைப்ரரியைப் பார்க்க ஆசையாக இருக்கிறதாம்.

அந்த வீட்டுக்கு நான் போனது ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், மாடியில் ஒற்றை அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ். பாயில் படுத்திருந்தவள் என்னைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து துப்பட்டாவைத் தேடினாள். அம்மா கூல்டிரிங்க்ஸ் வாங்க ஓடப் பார்த்தாள். பிடித்து உட்கார வைத்தேன். வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு வந்த பேச்சு ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை.

"ஏம்மா தண்ணி குடிக்க மாட்டேங்கிற?" என்றேன். கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். தெரியாதவள் மாதிரி கேட்கிறேனே.

"இனிமே குடிக்கிறேன் மிஸ்."

"அங்க வட்டமா உட்கார்ந்தப்ப, நீ சொன்னதை நான் மாத்திச் சொல்லிட்டேன். உனக்குத் தெரியும்ல?"

"தெரியும் மிஸ். லைப்ரரின்னு சொன்னீங்க."

"தப்பு என்னுது. என்னை மன்னிச்சிரும்மா."

அவள் பதறிப்போனாள். "ஐயோ, இல்ல மிஸ். நான்தான் அவ்ளோ பேர் முன்னாடி நம்ம வீட்டு விஷயத்தைச் சொல்லிட்டேன். உங்களுக்கு எவ்ளோ அசிங்கமா இருந்திருக்கும். அதுலேர்ந்து எது பேசினாலும் தப்பாயிடுமோன்னு பயமா கீது மிஸ். சாரி மிஸ்."

இத்தனை மாதமும் கோபம் என்று நினைத்தேனே! கோபமாக இருந்திருந்தால் நிம்மதியாகத் திட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பேன். நான் நடுரோட்டில் வைத்துச் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, தப்பைத் தன்மேல் போட்டுக்கொண்டு, இந்தப் பிள்ளை வாயைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "இன்னா மிஸ், இது எதுக்கு உங்க கிட்ட சாரி கேக்குது?"

எல்லாவற்றையும் சொன்னேன். புது பாத்ரூம், பூட்டு, பழைய பாத்ரூம், குடிக்காமல் திரும்பிப் போகும் பாட்டில்கள், அங்கே இவள் சொன்னது, நான் சொன்னது, புத்தகப் பெட்டிகள், மேடையில் படிக்க வைத்தது. அந்த அம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். முடித்த பிறகு மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் பூட்டோட சாவி யார் கிட்ட மிஸ் இருக்கும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளை முந்திக்கொண்டாள். "ஆபீஸ்ல இருக்கும்மா."

ஒரு தடுமாற்றம் இல்லை. முகம்கூட மாறவில்லை. அந்தப் பிள்ளை தானாகப் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இல்லம்மா" என்றேன். "என்கிட்டதான் இருக்கு."